உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

நீடாமங்கலத்தில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அடுப்படியில் இருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: "தயிரு போதுமா?" பெரியப்பா இலையில் இருந்து நிமிராமலே சொன்னார்: "பயிருக்கா? போதும் போதும், இன்னும் ரெண்டு நாளைக்குத் தண்ணி வேணாம்." எல்லோரும் சிரித்தோம். எதற்கென்று தெரியாமலே அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல் இருந்தது.

பெரியப்பாவைக் காது மந்தம் என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். நியாயமான கோபம்தான். தெருமுனையில் டிராக்டர் திரும்புவது, கொல்லைப்பக்கம் மோட்டார் ஓடத் தொடங்குவது, கோயிலில் தவில் தட்டுவது எல்லாம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். "சத்தமெல்லாம் கேக்குது தம்பி, பேச்சுதான் புரியல" என்பார். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று டெல்டாவில் எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும், அறுபது தாண்டிய யாராவது ஒருவர் வாயில் இந்த வாக்கியம் வரும். வீட்டில் இருப்பவர்கள் இதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். "வேணும்கிறது மட்டும் நல்லாக் கேக்கும்" என்று ஒரு முணுமுணுப்பும் கூடவே வரும்.

அது சாக்கு இல்லை. சத்தம் கேட்பது ஒன்று, சொல் புரிவது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை எண்களாகப் போட்டுக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஹார்வி ஃப்ளெட்சர் என்ற அமெரிக்கர். மருத்துவர் அல்ல, இயற்பியல்காரர். சம்பளம் கொடுத்தது ஒரு டெலிபோன் கம்பெனி.

ஃப்ளெட்சர் 1884ல் யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ என்ற சிற்றூரில் பிறந்தவர். மேற்படிப்புக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, ஊர்க் கல்லூரியில் படித்த படிப்பு போதாது என்று முதலில் சேர்க்க மறுத்தார்கள். ராபர்ட் மில்லிகன் என்ற பேராசிரியர்தான் வழி சொல்லி உள்ளே கொண்டுவந்தார். பள்ளி இயற்பியலில் எண்ணெய்த்துளிச் சோதனை என்று படித்திருப்போமே, அதே மில்லிகன். எலெக்ட்ரானின் மின்சுமையை அளக்க அவர் முதலில் நீர்த்துளிகளை வைத்துக்கொண்டு தடுமாறினார். துளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகிவிடும். ஃப்ளெட்சர் பிற்பாடு எழுதிவைத்த குறிப்பின்படி, ஒரு மருந்துக்கடையில் செண்ட் தெளிக்கும் குப்பியும் கடிகார எண்ணெயும் வாங்கிவந்து, கையில் கிடைத்ததை வைத்து ஒரு கருவியைக் கட்டி, நட்சத்திரம் போல் மினுக்கும் எண்ணெய்த்துளிகளை முதலில் பார்த்தது அவர்தான்.

அப்புறம் நடந்ததும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. ஒருநாள் மில்லிகன் அவர் குடியிருந்த வீட்டுக்கே வந்தார். ஆய்வுப்பட்டத்துக்குக் கொடுக்கும் கட்டுரையில் மாணவர் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும், அதனால் இந்த வேலையில் வரும் கட்டுரைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். மின்சுமை பற்றிய கட்டுரை மில்லிகன் பெயரில் மட்டும், துளிகளின் ஓயாத நடுக்கத்தைப் பற்றிய கட்டுரை ஃப்ளெட்சர் பெயரில் மட்டும். எது பெரியது என்று இருவருக்கும் தெரியும். ஃப்ளெட்சர் ஒப்புக்கொண்டார். 1911ல் பட்டம் வாங்கினார். 1923ல் மில்லிகனுக்கு நோபல் பரிசு வந்தது. ஃப்ளெட்சர் வாயே திறக்கவில்லை. எழுதிய குறிப்பை ஒரு நண்பரிடம் கொடுத்து, தான் இறந்த பிறகு வெளியிடச் சொன்னார். 1981ல், 96 வயதில் இறந்தார். 1982ல் அது அச்சில் வந்தது. அதிலும் மில்லிகனைத் தூற்றவில்லை, தனக்கு அவர் செய்த உதவிகளைத்தான் அதிகம் சொல்கிறார். குருபக்தி என்பதா, பெருந்தன்மை என்பதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊர் நாதஸ்வரக் குருகுலங்களில் கேட்ட கதைகள் மாதிரிதான் இருக்கிறது.

பட்டம் வாங்கி ஊருக்குத் திரும்பிச் சில வருடங்கள் பாடம் நடத்தினார். 1916ல் நியூயார்க்கில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார். 1925ல் அந்த ஆராய்ச்சிப் பிரிவுதான் பெல் ஆய்வகம் ஆனது. 1949 வரை அங்கேதான் இருந்தார்.

டெலிபோன் கம்பெனிக்குக் காதைப் பற்றி ஏன் கவலை வர வேண்டும்? காசுதான் காரணம். நூற்றுக்கணக்கான மைல் கம்பி இழுக்கிறார்கள். அந்தக் கம்பியில் குரலின் எல்லாப் பகுதியும் போய்ச்சேராது. எதை அனுப்பினால் போதும், எதை வெட்டினால் வாடிக்கையாளர் "என்ன? என்ன?" என்று கேட்பார் என்பது தெரிந்தால்தான் செலவைக் குறைக்க முடியும். அதனால் மனிதப் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் எவ்வளவு புரிதல் இருக்கிறது என்று பார்க்கும் வேலை ஃப்ளெட்சரிடம் வந்தது.

இங்கே அவரும் சகாக்களும் செய்த காரியம் கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். அர்த்தமே இல்லாத அசைகளைப் பட்டியல் போட்டார்கள். ஒரு மெய், ஒரு உயிர், ஒரு மெய். தமிழில் பல், கண், நாள் என்று சொல்கிறோமே, அதே வார்ப்பு, ஆனால் பொருள் கிடையாது. 'தப்', 'கீம்', 'நோச்' என்பது போல. ஒருவர் வாசிப்பார். கம்பியின் மறுமுனையில் சிலர் உட்கார்ந்து காதில் விழுந்ததை எழுதுவார்கள். நடுவில் வடிகட்டி வைத்து மேல் சுருதியை வெட்டுவார்கள், கீழ் சுருதியை வெட்டுவார்கள், ஒலியைக் குறைப்பார்கள், இரைச்சல் சேர்ப்பார்கள். இதையே வருடக்கணக்கில் செய்தார்கள்.

பொருள் இல்லாத அசை எதற்கு? பொருள் இருந்தால் மனம் ஏமாற்றிவிடும். "சாப்ட்டியா" என்பதில் பாதி கேட்டாலே மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். காது செய்த வேலை எவ்வளவு, மனம் செய்த வேலை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. காதின் வேலையைத் தனியாக எடுத்து அளக்க, மனதுக்குப் பிடிமானம் இல்லாத அசை வேண்டியிருந்தது.

அந்தப் பட்டியல்களில் இருந்து இரண்டு எளிய கணக்குகள் கிடைத்தன. முதலாவது, ஒலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் பிடிபடுகின்றன என்பது. ஒரு ஒலியைச் சரியாகப் பிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 90 என்றால், மூன்று ஒலி கொண்ட அசை முழுதும் சரியாக விழும் வாய்ப்பு 90 இல்லை. மூன்று முறை பெருக்க வேண்டும், 73 ஆகிவிடும். ஒலியில் 80 என்றால் அசையில் 51. கொஞ்சமாகக் குறைந்த காது, சொல்லில் ஏன் பாதியாகக் குறைகிறது என்பதற்கு இந்தப் பெருக்கலே பதில்.

இரண்டாவது கணக்கு இன்னும் அழகு. எனக்கு அது நம் வாய்க்கால் மொழியில்தான் விளங்கியது. ஒரு வயலுக்கு இரண்டு வாய்க்காலில் இருந்து தண்ணீர் வர வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பத்து நாளில் இரண்டு நாள் ஏமாற்றும். இன்னொன்று பத்து நாளில் ஒரு நாள் ஏமாற்றும். வயல் காய வேண்டுமானால் இரண்டும் ஒரே நாளில் ஏமாற்ற வேண்டும். அது நூறு நாளில் இரண்டு நாள்தான் நடக்கும். பேச்சும் அப்படியே என்று ஃப்ளெட்சர் கண்டார். கீழ் சுருதிப் பகுதியை மட்டும் கேட்டால் இத்தனை பிழை, மேல் சுருதிப் பகுதியை மட்டும் கேட்டால் அத்தனை பிழை, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பிழைகளின் பெருக்குத்தொகை. ஒரு பகுதியில் பிடிபட்டாலே போதும், மற்றது தவறினாலும் ஒலி தப்பிவிடும். நல்ல காதுக்குப் பேச்சு இவ்வளவு உறுதியாகப் போய்ச்சேர்வது இந்த இரட்டைப் பாசனத்தால்தான்.

பேச்சின் நடுமடை எங்கே என்றும் தேடினார்கள். ஃப்ளெட்சரின் சகாக்களான ஃப்ரெஞ்சும் ஸ்டைன்பெர்க்கும் 1947ல் வெளியிட்ட கட்டுரையில் அது ஏறக்குறைய 1,900 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,900 அதிர்வு. அதற்குக் கீழே இருப்பதை மட்டும் கேட்டாலும், மேலே இருப்பதை மட்டும் கேட்டாலும் புரிதல் சமம். ஆனால் குரலின் பலம் சமமாகப் பிரிந்து கிடக்கவில்லை. பலத்தில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான்.

இதையும் ஃப்ளெட்சர் அளந்தார். ஆங்கிலத்தில் 'டாக்' என்று சொல்லும்போது நடுவில் வரும் உயிரொலி மிகப் பலமானது. 'தின்' என்பதில் முதலில் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து ஊதும் ஒலி மிகச் சன்னமானது. ஆற்றலில் இரண்டுக்கும் 680 மடங்கு வித்தியாசம். ஒரே வாய், ஒரே மூச்சு, பேசுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

நம் இலக்கணம் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்து வைத்திருக்கிறது. பேச்சின் சத்தத்தில் பெரும்பகுதி உயிரில் இருக்கிறது. எந்தச் சொல் என்று காட்டும் அடையாளம் பெரும்பாலும் மெய்யில் இருக்கிறது. தயிர், பயிர் இரண்டிலும் பின்பகுதி ஒன்றே, முதல் ஒலிதான் ஆளை மாற்றுகிறது. அந்த 'த', 'ப' என்பவை நொடியில் சில நூறில் ஒரு பங்கு நேரம் வெடித்து மறைபவை. பெரியப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. மெய்யிலும் ஒரு வேடிக்கை உண்டு. க, ச, ட, த, ப, ற ஆகியவற்றுக்கு வல்லினம் என்று பெயர். உச்சரிப்பில் வன்மை, ஒலியின் ஆற்றலில் இவைதான் பஞ்சை. ம, ன போன்ற மெல்லினமும் ல, ர போன்ற இடையினமும் குரல்நாண் அதிர்வோடு வருவதால் மந்தக் காதிலும் ஓரளவு விழும். மெலிந்தது பிழைக்கிறது, வலியது முதலில் போகிறது.

இனி காதுக்குள் போவோம். உட்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நெடுக உணர்மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காதில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. மூளைக்குச் செய்தி சொல்வது பெரும்பாலும் உள்வரிசை. வெளிவரிசை, சன்னமான ஒலியைத் தூக்கிக் கொடுக்கிற, சுருதியைக் கூர்மையாக்குகிற வேலைக்காரர்கள். ஒலி நுழையும் வாசலை ஒட்டி மேல் சுருதிக்கான செல்கள், உள்ளே போகப் போகக் கீழ் சுருதிக்கானவை.

நீடாமங்கலத்துக்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு வந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. தலைப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்க் கவலை குறைவு. மேட்டூர் தாமதமாகத் திறந்தால் முதலில் காய்வது கடைமடை. காதில் நேர் எதிர். தலைமடைதான் முதலில் போகும், கடைமடை கடைசிவரை பசுமையாக இருக்கும். வயதானாலும் சரி, இரைச்சலில் வேலை செய்தாலும் சரி, வாசலோர மேல்சுருதிச் செல்கள்தான் முதலில் விழுகின்றன. விழுந்தால் மறுபடி முளைக்காது. மனிதக் காதில் அந்த நாற்றுக்கு இரண்டாம் நடவு இல்லை.

பெரியப்பா முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ரைஸ் மில்லில் அரவைப் பகுதியில் நின்றவர். அறுவடை முடிந்த மாதங்களில் ராத்திரி பகலாக நெல்லைக் குத்தும் ஹல்லர் ஓடும். பெல்ட்டும் சல்லடையும் சேர்ந்து போடும் சத்தத்தில் ஒருவருக்கொருவர் சைகையில்தான் பேச்சு. தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்குச் சத்தத்தின் வரம்பு 90 டெசிபல் என்று எழுதியிருந்தது. சின்ன ஊர் மில்களில் அதை எவர் கருவி வைத்துப் பார்த்தார்? காதில் அடைக்கப் பஞ்சு வைத்துக்கொண்டதாகப் பெரியப்பா சொல்வார். பஞ்சு தூசியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. இரைச்சலால் கெட்ட காதின் அடையாளம், 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆடியோகிராமில், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காதுச் சோதனையில் வரையும் கோட்டில், விழும் ஒரு பள்ளம். பெரியப்பாவின் தாளில் கோடு 1,000 வரை மேலேயே ஓடி, அப்புறம் மதகில் விழும் தண்ணீர் மாதிரி சரிந்து 4,000ல் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

அந்தத் தாளுக்கும் ஃப்ளெட்சருக்கும் தொடர்பு உண்டு. 1920களின் தொடக்கத்தில் எட்மண்ட் ஃபவுலர் என்ற காது மருத்துவரும், ஃப்ளெட்சரின் சகாவான வெகல் என்பவரும், ஃப்ளெட்சரும் சேர்ந்து வெற்றிடக்குழாய் வைத்து ஆடியோமீட்டரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் காதைச் சோதிக்க இசைக்கவையைத் தட்டிப் பிடிப்பார்கள், கைக்கடிகாரத்தின் டிக்டிக்கைக் கேட்கச் சொல்வார்கள், தள்ளி நின்று கிசுகிசுப்பார்கள். சில வருடங்களில் பள்ளிக்கூடங்களுக்கென ஒரு கருவியும் வந்தது. கிராமபோன் தட்டில் எண்களைச் சொல்லும் குரல் படிப்படியாகச் சன்னமாகிக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் 40 பிள்ளைகள்வரை காதுக்குழலை வைத்துக்கொண்டு கேட்டதை எழுதுவார்கள். யாருடைய எழுத்து எங்கே நிற்கிறதோ, அங்கே அந்தப் பிள்ளையின் காது நிற்கிறது. மக்கு என்று கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்த எத்தனை பேருக்குக் காதுதான் பிரச்சினை என்பது வாத்தியார்களுக்கே அப்போதுதான் தெரியவந்திருக்கும்.

டெசிபல் என்ற அலகும் பெல் ஆய்வகத்தார் 1920களில் கொடுத்ததுதான். அதில் இருக்கும் பெல், டெலிபோன் கண்ட கிரஹாம் பெல். அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது, அவரே காதுகேளாத பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். இந்தத் துறையில் எங்கே தோண்டினாலும் ஒரு வீடு வந்துவிடுகிறது.

ஃப்ளெட்சரின் மற்ற வேலைகளை எல்லாம் சொல்லி மாளாது. 1933ல் மன்சன் என்பவரோடு சேர்ந்து, எந்தச் சுருதி எவ்வளவு பலத்தில் இருந்தால் காதுக்கு ஒரே அளவாகத் தோன்றும் என்று வளைகோடுகள் வரைந்தார். அதே வருடம் பிலடெல்பியாவில் வாசித்த இசைக்குழுவை மூன்று தனிக் கம்பி வழியாக வாஷிங்டனில் ஓர் அரங்கில் கேட்கச் செய்தார்கள், ஸ்டீரியோவின் முன்னோடி. 1940ல், ஒரு ஒலியை மூடி மறைக்க அதன் பக்கத்துச் சுருதி இரைச்சல் மட்டும்தான் உதவும், தூரத்து இரைச்சல் உதவாது என்று காட்டினார். கடைசிக் கண்டுபிடிப்புக்குத்தான் நான் திரும்ப வர வேண்டும்.

ஏனென்றால் பெரியப்பா படும் பாடு கல்யாண மண்டபத்தில்தான் உச்சத்துக்குப் போகும். வீட்டுக் கூடத்தில், ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால், சமாளிப்பார். மேல் வாய்க்கால் தூர்ந்துபோயிருந்தாலும் கீழ் வாய்க்கால் ஓடுகிறது, மீதியை முகம் பார்த்தும் ஊகித்தும் ஒப்பேற்றுவார். மண்டபத்தில் நாதஸ்வரம், தவில், ஜெனரேட்டர், நானூறு பேர் பேச்சு. இந்த இரைச்சலின் கனம் கீழ் சுருதியில். அவருக்கு மிச்சமிருந்த ஒரே வாய்க்காலில் அது வந்து புகுந்துவிடுகிறது. நமக்கு அந்த வாய்க்கால் கலங்கினாலும் மேலே இன்னொன்று தெளிவாக ஓடும், பிழைகளின் பெருக்குத்தொகை சின்னதாகவே இருக்கும். அவருக்குப் பெருக்க இரண்டாவது எண்ணே இல்லை. பந்தி முடியும்வரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து கார் பக்கத்தில் நின்றுகொள்வார். சொந்தக்காரர்கள் கர்வம் என்பார்கள்.

அப்படியானால் சத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா? காது மிஷின் எதற்கு இருக்கிறது? பெரியப்பாவுக்கும் ஒன்று வாங்கினோம். ஒரு கடையில் சோதனை எதுவும் இல்லாமல் கையில் கொடுத்தார்கள். மூன்று நாள் போட்டார். "எல்லாம் இரையுது, தட்டு வச்சாக் கூட இடி விழுவுது" என்று கழற்றினார். அது இப்போது பீரோவில் அந்துருண்டையோடு இருக்கிறது.

இங்கே ஃப்ளெட்சரின் கணக்கு மட்டும் போதாது. அவருடைய பட்டியல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் நல்ல காதுக்காரர்கள், கெட்டது கம்பிதான். கெட்டது காதாக இருந்தால் கதை வேறு. ஃபவுலரே 1930களில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். வெளிவரிசைச் செல் போன காதுக்குச் சன்னமான ஒலி கேட்காது, பெரிய ஒலியோ நமக்குக் கேட்கும் அதே அளவுக்குப் பெரிதாகக் கேட்கும். தரை உயர்ந்துவிட்டது, கூரை அங்கேயே இருக்கிறது, நடுவில் குனிந்துதான் போக வேண்டும். "கொஞ்சம் சத்தமாப் பேசேன்" என்பார்கள். பேசினால் "ஏன் இப்படிக் கத்துற?" என்பார்கள். டெல்டாவில் எல்லா வீட்டிலும் நடக்கும் இந்தச் சண்டையில் இருவர் பேரிலும் தப்பில்லை.

1978ல் ரெய்னியர் ப்ளாம்ப் என்ற டச்சுக்காரர் இதை இன்னும் தெளிவாக இரண்டாகப் பிரித்தார். காதுக் குறையில் ஒரு பங்கு ஒலி குறைவது, இன்னொரு பங்கு ஒலி சிதைவது. அமைதியான அறையில் இரண்டும் படுத்தும். இரைச்சலில் முதல் பங்குக்கு அர்த்தமில்லை, ஏனென்றால் பேச்சும் இரைச்சலும் சேர்ந்தேதான் குறைகின்றன. அங்கே சிதைவுதான் ஆளைக் கவிழ்க்கும். மிஷின் குறைந்ததைக் கூட்டித் தரும், சிதைந்ததை நேராக்கித் தராது. கேம்பிரிட்ஜில் பிரையன் மூர் குழுவினர் 2000ல் இன்னொரு சோதனையைக் கொண்டுவந்தார்கள். உள்வரிசைச் செல்லே இல்லாமல் போன இடங்களை அது காட்டிக்கொடுக்கும். அந்த இடத்துக்கான சுருதியை எவ்வளவு பெருக்கி அனுப்பினாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வாய்க்கால் மேடாகிப் போன பிறகு மதகை முழுசாகத் தூக்கினால், பக்கத்து வயல்தான் முங்கும்.

அதற்காக மிஷினே வீண் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியாகக் கூட்டி, பெரிய ஒலியை அமுக்கி, ஆடியோகிராமைப் பார்த்து அளவு வைத்த மிஷின் நிறையப் பேருக்கு நன்றாகவே உதவுகிறது. ஃப்ளெட்சரின் கணக்கில் பார்த்தாலும், மேல் வாய்க்காலில் பத்துக்கு மூன்று நாள் தண்ணீர் வந்தாலே மொத்தப் பிழை கணிசமாகக் குறையும். கண்ணாடி மாதிரி போட்ட அன்றே தெளிவாகும் என்று நினைத்தால்தான் ஏமாற்றம். சில வாரம் போட்டுப் பழக வேண்டும், இரண்டு மூன்று முறை போய் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியப்பாவின் மூன்று நாள் அதற்குப் போதாது. சோதனை செய்யாமல் கொடுத்தவர்கள் அதைச் சொல்லவும் இல்லை.

கேட்கிறவர் தமிழர் என்பதால் வரும் சங்கதிகளும் உண்டு. ஃப்ளெட்சரின் அசைகள் ஆங்கில ஒலிகளால் ஆனவை. தமிழில் சில விஷயம் மந்தக் காதுக்குச் சாதகம். படு, பாடு, பட்டு, பாட்டு என்ற வித்தியாசம் நேரத்தின் நீளத்தில் இருக்கிறது. குறிலா நெடிலா, ஒற்றையா இரட்டையா என்பதைச் சுருதி இழந்த காதும் ஓரளவு பிடித்துவிடும். பாதகமும் உண்டு. நம் வாக்கியத்தில் ஆள் யார் என்பது வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்தில் வந்தான், வந்தாள். பேச்சில் 'ன்' மூக்கொலியாகக் கரைந்துவிடும், 'ள்' காணாமலே போய்விடும். மூச்சு மூக்கில் போனதா வாயில் போனதா என்ற நூலிழை வித்தியாசம்தான் பாக்கி. பெரியப்பா அடிக்கடி "யாரு, அவனா அவளா?" என்று திருப்பிக் கேட்பது இதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ல, ள, ழ விஷயம் தனி. ஸ்ரீகாந்த் நாராயணன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர், இன்னும் இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1999ல் இந்த எழுத்துகளைச் சொல்லும்போது நாக்கு உள்ளே எப்படி வளைகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். காதுக்கு இவற்றைப் பிரித்துக்காட்டும் குறிப்புகளில் முக்கியமான ஒன்று வாய்க்குள் எழும் மூன்றாவது ஒத்ததிர்வு. அது 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் வருவது. பெரியப்பாவின் கோடு சரியும் இடமும் அதுதான். வலியும் வழியும் அவருக்கு ஒன்றாக விழுந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் வாளப்பளம் என்றுதான் பல பேர் வாயில் வரும். சொல்கிறவரே கைவிட்டதைக் கேட்கிறவர் தவறவிட்டால் யார் கேட்பது.

தஞ்சாவூரில் முறையாகச் சோதனை செய்தபோது, பீப் ஒலிக்குப் பிறகு, தமிழ்ச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். காதுச் சோதனைக்கென்று தமிழிலும் சொற்பட்டியல்கள் இருக்கின்றன. பெரியப்பா அந்த அறையில் பரீட்சை எழுதும் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உயிரை எல்லாம் சரியாகச் சொன்னார், மெய்யை எல்லாம் மாற்றிச் சொன்னார். "தப்பா சொல்றேனா?" என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என்னைப் பார்த்துக் கேட்டார். சோதித்த பெண் வெளியே வந்து, "உங்களுக்குச் சத்தம் கேக்குதுப்பா, பேச்சுதான் தெளிவா விழல" என்று சொன்னபோது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இருபது வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பெரியம்மாவிடம் காட்டினார்.

பெரியம்மா அதைப் படித்துப் பார்க்கவில்லை. அவருக்கு வேறு வழி ஏற்கெனவே பிடிபட்டிருந்தது. அன்று மத்தியானம் கிண்ணத்தில் கெட்டித் தயிரை எடுத்துக்கொண்டு இலைக்கு எதிரே வந்து நின்று, தோளைத் தொட்டு, "மோரு ஊத்தவா?" என்றார். கையில் தயிரை வைத்துக்கொண்டு மோர் என்கிறாரே என்று நான் பார்த்தேன். 'ம' மெல்லினம், 'ஓ' நெடில், இரண்டும் பெரியப்பாவின் கடைமடையில் விழும் ஒலிகள். பெரியப்பா நிமிர்ந்து, "ஊத்து" என்றார்.